மே மாதம் விதைத்த கோதுமை புல்லாகவே நிற்கிறது, கதிர் வரவில்லை. ஏன்?

கேள்வி: ஸாலக்கரை

வணக்கம். நான் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இருக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு சின்ன வாடகைத் தோட்டம் வைத்திருக்கிறேன். இங்கே ஷ்ரேபர்கார்டன் என்பார்கள். உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டுச் சலித்துப் போய், இந்த வருடம் இரண்டு பாத்திகளில் கோதுமை போட்டேன்.

முதல் பாத்தியில் அய்ன்கோர்ன் என்ற பழங்காலக் கோதுமை. மார்ச் முதல் வாரம் விதைத்தேன். அப்போதெல்லாம் காலையில் மண் இறுகி உறைந்து கிடக்கும். இரண்டாவது பாத்தியில், பக்கத்துக் கிராமத்து விவசாயி தன் களஞ்சியத்திலிருந்து அள்ளிக் கொடுத்த சாதாரண ரொட்டிக் கோதுமை. அதை மே மாதத் தொடக்கத்தில்தான் போட முடிந்தது.

இப்போது ஜூலை கடைசி. அய்ன்கோர்ன் மெலிந்த, தட்டையான கதிர் விட்டு முற்ற ஆரம்பித்துவிட்டது. ரொட்டிக் கோதுமையோ கரும்பச்சையாக, தூர் மேல் தூராகக் கட்டி, தரையோடு படர்ந்து நிற்கிறது. ஒரு கதிர்கூட இல்லை. ஒரு தூரைப் பிளேடால் நெடுக்கில் கீறிப் பார்த்தேன். உள்ளே கணு நீளவே இல்லை, இலைக்குள் இலைதான். மண், தண்ணீர், வெயில் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இது குளிர் சம்பந்தப்பட்டது என்று இங்கே ஒருவர் சொன்னார். அப்படியானால் பனியே விழாத பஞ்சாப் சமவெளியில் கோதுமை எப்படிக் கதிர் விடுகிறது?

இன்னொன்று. அய்ன்கோர்ன் கதிரைக் கையில் வைத்துக் கசக்கினால் மணி வெளியே வருவதில்லை, உமியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. கடையில் அய்ன்கோர்ன், எம்மர், டின்கல், வைட்சன் என்று நான்கு பைகள் நான்கு விலையில் இருக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று என்ன உறவு?

பதில்: மரபன்

உங்களுக்கு அந்த விவசாயி கொடுத்தது குளிர்காலக் கோதுமை. ஜெர்மனியில் பெரும்பாலான கோதுமை அந்த வகைதான். அக்டோபரில் விதைப்பார்கள், பனிக்கு அடியில் கிடக்கும், அடுத்த ஜூலை, ஆகஸ்டில் அறுவடை. முளைத்த பிறகு சில வாரங்கள் நல்ல குளிர் பட்டால்தான் அது பூப்பதற்குத் தயாராகும். மே மாதத்தில் போட்டதற்கு அந்தக் குளிர் கிடைக்கவில்லை. எவ்வளவு உரம் போட்டாலும் இந்தக் கோடையில் கதிர் வராது.

அய்ன்கோர்னுக்கு மார்ச், ஏப்ரல் குளிர் போதுமானதாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால், மிச்ச விதையை ஊறவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் ஈரத்துணியில் சுற்றி, ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் ஆறு முதல் எட்டு வாரம் வையுங்கள். பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தொட்டியில் நட்டு, பக்கத்திலேயே குளிர் காட்டாத விதையையும் நடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பதில்: கதிர்க்காரி

மரபன் சொன்னது முழுக்கச் சரி. நீங்கள் பஞ்சாபைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் நீலகிரியில் கோதுமைக் கலப்பு வேலையில் இருந்தவள். இடுக்கியால் ஒவ்வொரு பூவிலிருந்தும் மூன்று மகரந்தப் பைகளையும் எடுத்துவிட்டு, கதிருக்குக் காகித உறை மாட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து வேறொரு ரகத்தின் மகரந்தத்தைத் தட்டிவிடுகிற வேலை. அந்த வேலையில் நோட்டில் முதலில் எழுதுவது விளைச்சலை அல்ல, கதிர் வந்த தேதியை. பாதிக் கதிர்கள் வெளியே வந்த நாள் எதுவோ அதுதான் தேதி. ஒரு ரகம் எந்த ஊருக்கு ஆகும், எந்த ஊருக்கு ஆகாது என்பதில் முக்கால்வாசி அந்தத் தேதியிலேயே தெரிந்துவிடும். கோதுமை என்றாலே எல்லோரும் குட்டை ரகம், பசுமைப் புரட்சி என்று பேசுவார்கள். என்னைக் கேட்டால் அது உலகம் சுற்றியதற்குக் காரணம் உயரம் அல்ல, பூக்கும் காலம்.

முதலில் காட்டிலிருந்து வருவோம். துருக்கியின் தென்கிழக்கில் கராஜாதா என்று ஒரு எரிமலைத் தொடர் இருக்கிறது. காட்டு அய்ன்கோர்ன் இன்றும் அங்கே சரிவு சரிவாக நிற்கிறது. 1997-ல் மன்ஃப்ரெட் ஹாயினும் கூட்டாளிகளும் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பயிரிடப்படும் அய்ன்கோர்னுக்கு மிக நெருங்கிய காட்டுச் செடிகள் அந்த மலையில்தான் இருந்தன. அங்கே மழை இலையுதிர் காலத்தில் தொடங்கும். விதை அப்போது முளைக்கும். அடுத்து பனி. வசந்தத்தில் பூத்து, கோடை வறட்சி வருவதற்குள் விதையைக் கொட்டிவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் சில நாள் வெயில் இதமாக அடித்தது என்று ஏமாந்து கதிரை உண்டாக்கினால், பின்னால் வரும் பனி அதைக் கொன்றுவிடும். அதனால் 'குளிரை ஒருமுறை அனுபவித்து முடிக்காமல் பூக்காதே' என்ற கட்டுப்பாடு அந்தச் செடிக்குள் இருக்கிறது. உங்கள் பாத்தியில் புல்லாக நிற்கும் கோதுமை அந்தப் பழைய கட்டுப்பாட்டை இன்னும் மதிக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை அமெரிக்காவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஹோர்ஹே துப்கோவ்ஸ்கி குழுவினர் 2003, 2004, 2006 ஆண்டுகளில் ஒவ்வொரு மரபணுவாகப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மூன்று மரபணுக்கள். விஆர்என்3 என்பது இலையில் உருவாகி, தண்டின் நுனிக்குப் போய் 'இனி இலை வேண்டாம், கதிர் உண்டாக்கு' என்று சொல்கிற செய்தி. விஆர்என்2 அந்தச் செய்தியைத் தடுத்து வைப்பது. விஆர்என்1 குளிர் பட்டால் மெல்ல மெல்ல விழித்து, விஆர்என்2-ஐ அடக்கிவிடும். தடை போனதும் செய்தி நுனிக்குப் போகும், கதிர் உருவாகும். இங்கே ஒரு நுட்பம் பாருங்கள்: விஆர்என்2 நீண்ட பகலில்தான் பலமாக வேலை செய்யும். நீங்கள் விதைத்த மே மாதத்தில் உங்கள் ஊரில் பகல் 15, 16 மணி நேரம். குளிரும் இல்லை, தடையும் முழு பலத்தில். உங்கள் கோதுமைக்குப் பூக்க வழியே இல்லாத காலத்தைத் தேர்ந்தெடுத்தது போல ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விதைக்குக் குளிர் காட்டிப் பூக்க வைத்தாலும், அதிலிருந்து கிடைக்கிற விதைக்கு மறுபடி குளிர் காட்டத்தான் வேண்டும். குளிரின் நினைவு அடுத்த தலைமுறைக்குப் போகாது. சோவியத் நாட்டில் லைசென்கோ என்ற வேளாண் விஞ்ஞானி இதற்கு நேர்மாறாகச் சொன்னார், பயிற்சி கொடுத்தால் பயிரின் பரம்பரைக் குணமே மாறும் என்றார். அரசு அவர் பக்கம் நின்றது. உலகம் முழுக்கச் சுற்றிக் கோதுமை விதைகளைச் சேகரித்த நிகோலாய் வவிலோவ் சிறைக்குப் போய், 1943-ல் சரத்தோவ் சிறையில் பசியால் மெலிந்து இறந்தார். பசியில்லாத உலகத்துக்காக விதை சேர்த்த மனிதர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும்.

சரி, பஞ்சாபுக்கு வருவோம். விஆர்என்1 மரபணுவின் முன்பகுதியிலோ புரதத்துக்கான செய்தி இல்லாத அதன் முதல் இடைவெளித் துண்டிலோ ஒரு பகுதி அறுந்து போனால், அது குளிருக்குக் காத்திராமல் தானே விழித்துக்கொள்ளும். இப்படிப்பட்ட மாற்றங்கள் கோதுமையில் ஒரே ஒரு தடவை அல்ல, தனித்தனியாகப் பல தடவை நடந்திருக்கின்றன. ரொட்டிக் கோதுமையில் இந்த மரபணுவுக்கு மூன்று பிரதிகள் உண்டு. மூன்றில் ஒன்று மாறினாலே போதும், செடி வசந்தகாலக் கோதுமை ஆகிவிடும். இந்தியக் கோதுமைகள் காலங்காலமாக இந்த வகைதான். நவம்பரில் விதைத்து, குளிரை எதிர்பார்க்காமல் வளர்ந்து, பிப்ரவரியில் கதிர் விட்டு, ஏப்ரலில் அறுவடை.

ஆனால் குளிர் மட்டும் தடை இல்லை. கோதுமை இயல்பாக நீண்ட பகலில் பூக்கும் செடி. டிசம்பர் கடைசியில் லூதியானாவில் பகல் சுமார் 10 மணி நேரம்தான். நீண்ட பகலுக்காகக் காத்திருக்கும் ரகத்தை அங்கே போட்டால் பூப்பு தள்ளிக்கொண்டே போய், மணி பால் பிடிக்கும் நேரத்தில் வெயிலில் மாட்டிக்கொள்ளும். மணி சூம்பிப் போகும். இந்தத் தடையை நீக்கியது பிபிடி-டி1 என்ற மரபணுவில் நடந்த ஒரு மாற்றம். அதற்கு முன்னால் இருக்கும் டிஎன்ஏவில் சுமார் 2,000 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு காணாமல் போனது, செடி பகலின் நீளத்தைக் கண்டுகொள்ளாமல் பூக்க ஆரம்பித்தது.

அந்தத் துண்டு போன ஜப்பானியக் கோதுமையின் பெயர் அககோமுகி. இத்தாலியில் ரியெத்தி ஊரில் நசரேனோ ஸ்த்ராம்பெல்லி 1913-ல் அதைத் தன் கோதுமைகளோடு கலந்தார். அவருக்கு வேண்டியது சீக்கிரம் விளைந்து, சாயாமல் நிற்கிற பயிர். மரபணு எது என்று அவருக்குத் தெரியாது, அந்தச் சொல்லே அப்போது புதுசு. செடியைப் பார்த்து, தேதியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார். அந்த வழியில் வந்த மென்தானா என்ற ரகம் பிறகு மெக்சிகோவுக்குப் போய், பசுமைப் புரட்சிக் கோதுமைகளை உருவாக்கிய நார்மன் போர்லாகின் ஆரம்பக் கலப்புகளில் பெற்றோர்களில் ஒன்றானது.

போர்லாக் மெக்சிகோவில் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. குளிர்காலத்தில் வடக்கே சோனோரா மாநிலத்து யாக்கி பள்ளத்தாக்கில் விதைப்பார், கிட்டத்தட்ட கடல் மட்டத்தில். அறுத்த விதையை உடனே தூக்கிக்கொண்டு தெற்கே தொலூக்காவுக்கு வருவார், அது 2,600 மீட்டர் உயரம். அங்கே கோடையில் விதைப்பு. வருடத்துக்கு இரண்டு தலைமுறை. அறுவடைக்குப் பிறகு விதைக்கு ஓய்வு வேண்டும், இப்படிச் செய்யக் கூடாது என்று மேலே இருந்தவர்கள் எதிர்த்தார்கள். அவர் ராஜினாமா செய்கிற அளவுக்குப் போனது. அவர் யோசித்தது நேரத்தை மிச்சப்படுத்துவதை மட்டும்தான். ஆனால் ஒரு பருவத்தில் பகல் குறைந்துகொண்டும் இன்னொரு பருவத்தில் நீண்டுகொண்டும் இருக்கிற இரண்டு இடங்களிலும் தேறியவை எவை? பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத செடிகள்தான். தேடாமலேயே அந்தக் குணம் வடிகட்டப்பட்டு வந்து சேர்ந்தது. சோனோரா 64, லெர்மா ரோஹோ 64ஏ இரண்டும் மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்து நம் வயல்களில் நேரத்துக்குக் கதிர் விட்டதற்குக் காரணம் அதுதான். 1966-ல் இந்தியா 18,000 டன் விதை வாங்கியது. விளைச்சல் 1964-65-ல் இருந்த சுமார் 1.2 கோடி டன்னிலிருந்து 1967-68-ல் 1.65 கோடி டன்னாக ஏறியது.

குட்டைத்தனம் முக்கியம் இல்லை என்று சொல்லவில்லை. ஜப்பானில் இவாதே மாகாணத்தில் கோன்ஜிரோ இனாசுகா உருவாக்கி 1935-ல் வெளிவந்த நோரின் 10, இரண்டடி உயரம்தான். 1946-ல் சால்மன் என்ற அமெரிக்கர் அதன் விதையைக் கொண்டுபோனார். வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்வில் வோகல் அதைக் கலந்து, அந்த விதை போர்லாக் கைக்கு வந்தது. உயரமான கோதுமைக்கு உரம் போட்டால் கதிர் கனத்து, காற்றடித்தால் படுத்துவிடும். குட்டை நிமிர்ந்து நிற்கும். காரணம், ஜிப்பெரலின் என்ற வளர்ச்சிச் சுரப்பு சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி ஒரு புரதம் மாறிப் போனது. இது 1999-ல் தெரிய வந்தது. ஆனால் நோரின் 10-ன் குட்டை மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு, பூக்கும் தேதி பொருந்தாத செடியைக் கொடுத்திருந்தால் பஞ்சாபில் குட்டையான பதர்தான் கிடைத்திருக்கும்.

உமி பற்றிச் சுருக்கமாக. அய்ன்கோர்னுக்கு 14 குரோமோசோம். எம்மருக்கு 28, அது இரண்டு புற்கள் காட்டிலேயே கலந்து உண்டானது. கடையில் வைட்சன் என்று விற்கும் ரொட்டிக் கோதுமைக்கு 42. பயிரான எம்மர் வகைக் கோதுமையோடு காஸ்பியன் கடலுக்குத் தெற்கே ஆட்டுப்புல் என்ற காட்டுப்புல் ஒன்று கலந்ததால், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் வயலிலேயே பிறந்தது. அதனால் காட்டு ரொட்டிக் கோதுமை என்று ஒன்று உலகில் எங்கும் கிடையாது. டின்கலும் 42 வகைதான், ஆனால் உமி பிடித்துக்கொள்ளும். மணி சுலபமாக உதிர்வதற்கு 5ஏ குரோமோசோமில் க்யூ என்ற மரபணு மாற வேண்டும், 2டி குரோமோசோமில் உமியைக் கெட்டியாக்கும் இன்னொன்றும் ஓய வேண்டும். உங்கள் அய்ன்கோர்னில் உமி பழைய காட்டுப்புல்லைப் போலவே கெட்டி. உரலில் லேசாகக் குத்தினால் கழன்றுவிடும்.

பதில்: கொங்குத்திண்ணை

அம்மா, படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருந்தது. எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து சம்பா கோதுமை. உப்புமா, கஞ்சி எல்லாம் அதில்தான். குத்திப் புடைத்துத்தான் எடுப்பார்கள். அது எம்மர் என்று எங்கேயோ படித்தேன், உண்மையா?

இன்னொரு சந்தேகமும் உண்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது. குட்டைக் கோதுமை மரபணு மாற்றப்பட்டது, இப்போது வருகிற வயிற்றுக் கோளாறுக்கெல்லாம் அதுதான் காரணம், பழைய கோதுமைக்குத் திரும்ப வேண்டும் என்று ஒரு காணொளியில் மிக உறுதியாகச் சொல்கிறார்கள். நீங்கள் இந்தக் குட்டைக் கோதுமையைப் புகழ்ந்து எழுதியிருக்கிறீர்களே?

பதில்: கதிர்க்காரி

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. இதைக் கேட்டதற்குச் சந்தோஷம்.

ஆமாம், நம் சம்பா கோதுமை எம்மர் இனம்தான். மகாராஷ்டிராவில் அதையே கப்ளி என்பார்கள். கடையில் அந்தப் பெயரில் விற்பதெல்லாம் அசல் சம்பாதானா என்பது வேறு விஷயம். முடிந்தால் உமியோடு இருக்கும் மணியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையத்திலிருந்து நீலகிரி கப்ளி என்ற எம்மர் ரகமும் வந்திருக்கிறது.

குட்டைக் குணத்தை ஆய்வகத்தில் யாரும் செருகவில்லை. ஜப்பான் விவசாயிகளின் வயலில் தானாக வந்த மாற்றம் அது. நோரின் 10-ன் பெற்றோரில் ஒன்றான தாருமா அங்கே ஏற்கெனவே குட்டையாக இருந்த ரகம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இடுக்கியும் மகரந்தமும்தான். சர்பதி சோனோரா மட்டும் காமா கதிர் காட்டி உண்டாக்கியது. மெக்சிகோ மணி சிவப்பாக இருந்தது, நம் மக்கள் சப்பாத்திக்கு வெளிர் மஞ்சள் மணியைக் கேட்டார்கள், அதற்காகச் செய்தது. கல்யாண் சோனாவும் சோனாலிகாவும் மெக்சிகோவிலிருந்து வந்த கலப்பு விதைகளில் இங்கேயே பொறுக்கி எடுத்தவை. இந்திய விவசாயி வயலில் இன்று இருக்கிற கோதுமை எதிலும் வேறு உயிரின் மரபணுவைச் செருகியது கிடையாது.

வயிறு விஷயத்தில் கவனமாக இருங்கள். அய்ன்கோர்ன், எம்மர், டின்கல், ரொட்டிக் கோதுமை எல்லாவற்றிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. அந்தப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியக் நோய் இருப்பவர்கள் பழைய கோதுமை நல்லது என்று நம்பிச் சாப்பிட்டால் குடல் கெடும். அந்தக் காணொளியைப் பார்த்து யாராவது அப்படிச் செய்துவிடுவார்களோ என்றுதான் எனக்கு உண்மையான பயம்.

பழைய கோதுமையை நானும் நேசிக்கிறேன், ஆனால் வேறு காரணத்துக்காக. தண்டுத் துரு என்ற பூஞ்சை நோய்க்கு எதிரான எஸ்ஆர்2 என்ற மரபணு யாரோஸ்லாவ் என்கிற எம்மரிலிருந்து வந்தது. தெற்கு டகோட்டாவில் எட்கர் மெக்ஃபாடன் அதை ரொட்டிக் கோதுமையோடு கலந்து ஹோப் என்ற ரகத்தைக் கொண்டுவந்தார். குரோமோசோம் எண்ணிக்கை பொருந்தாத கலப்பு, பெரும்பாலும் மலட்டு விதைதான் வரும். விடாமல் செய்தார். போர்லாக் கோதுமைகள் வரைக்கும் அந்த மரபணு வந்து, இன்றும் காவல் இருக்கிறது. காட்டு எம்மரிலிருந்து வந்த ஜிபிசி-பி1 மணியில் புரதத்தையும் இரும்பையும் துத்தநாகத்தையும் கூட்டும் என்று 2006-ல் காட்டினார்கள். காட்டுக் கோதுமையையும் பழைய ரகங்களையும் வேண்டாம் என்று விட்டுவிட்டால் இதையெல்லாம் எங்கே போய்த் தேடுவது?

துருநோய் என்றதும் எங்கள் மலை ஞாபகம் வருகிறது. சமவெளியில் கோடையில் கோதுமையும் இருக்காது, துருவும் பிழைக்காது. ஆக்ராவில் பேராசிரியராக இருந்த கே.சி. மேத்தா வருடக்கணக்கில் தேடி, நீலகிரியிலும் பழனி மலையிலும் கோடையில் நிற்கிற கோதுமையில்தான் தண்டுத் துரு தங்கியிருந்து, பிறகு சமவெளிக்குப் பரவுகிறது என்று கண்டுபிடித்தார். வெலிங்டனில் நிலையம் இருப்பதற்குக் காரணமே அதுதான். துரு எப்போதும் இருப்பதால் தாங்கும் ரகம் எது என்று இயற்கையே சோதித்துக் கொடுத்துவிடும். கோடையிலும் கோதுமை வளர்வதால் வட மாநிலத்து ஆய்வாளர்கள் விதையை இங்கே அனுப்பி வருடத்துக்கு இரண்டாவது தலைமுறை எடுப்பார்கள்.

பதில்: மரபன்

ஒன்று சேர்க்கிறேன். காட்டுக் கோதுமையில் கதிர் முற்றியதும் உடைந்து சிறுகதிர் சிறுகதிராகக் கீழே விழுந்துவிடும். உடையாமல் நிற்பதுதான் பயிரானதற்கு முதல் அடையாளம். எம்மரில் இதற்கு 3ஏ, 3பி குரோமோசோம்களில் இருக்கும் பிடிஆர்1 மரபணு இரண்டுமே பழுதாக வேண்டும். ஒன்று மட்டும் பழுதானால் முழுப் பலன் கிடைக்காது. 2017-ல் காட்டு எம்மரின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது இது தெளிவானது. தொல்லியலாளர்கள் தோண்டிய கரிந்த கதிர்த்துண்டுகளைப் பார்த்தால், உடையாத வகை மெதுவாக, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துத்தான் பெருகியிருக்கிறது.

ஜாக் ஹார்லன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1966-ல் இதே கராஜாதா பகுதிக்குப் போய், கல் அரிவாளால் காட்டுக் கோதுமையை அறுத்துப் பார்த்தார். ஒரு குடும்பம் மூன்று வாரம் உழைத்தால் ஒரு வருடத்துக்குத் தேவையானதைவிட அதிகம் சேர்த்துவிடலாம் என்று கணக்கிட்டார். அவ்வளவு தாராளமாக விளைகிற இடத்தில் யாரும் அவசரமாக விவசாயத்துக்குப் போயிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பதில்: ஸாலக்கரை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி, கதிர்க்காரி அம்மா, மரபன். பாத்தியை உழுதுபோடலாம் என்று இருந்தேன், இப்போது அப்படியே விடப் போகிறேன். வரும் பனியைத் தாண்டி அடுத்த வருடம் கதிர் விடுமா?

கடைசியாக ஒரு கேள்வி. குளிர் தேவைப்படும் குணத்தை நீக்கியதால்தான் கோதுமை வெப்ப நாடுகளுக்கு வந்தது என்றால், இப்போது எல்லா இடமும் சூடாகிறதே, குளிர்காலக் கோதுமையே இனி வேண்டாம், எல்லோரும் வசந்தகால வகைக்குப் போய்விடலாம் இல்லையா?

பதில்: கதிர்க்காரி

பாத்தியை விட்டுப் பாருங்கள். கோடையிலேயே இலை கிழடாகி, பூஞ்சணமும் பிடிக்கலாம், அதனால் எல்லாத் தூரும் தப்பாது. தப்பியதற்குக் குளிர் கிடைத்துவிட்டால் வசந்தத்தில் கதிர் வரும். ஆனால் அக்டோபரில் பக்கத்திலேயே புதிதாகவும் கொஞ்சம் விதையுங்கள், விளைச்சல் அதில்தான்.

வசந்தகால வகைக்கே எல்லோரும் போகலாமா என்றால், கூடாது. உங்கள் ஊரில் அக்டோபரில் விதைத்தது பத்து மாதம் மண்ணில் இருக்கிறது, வேர் ஆழமாகப் போகிறது, வசந்தத்தில் விதைத்ததைவிட நல்ல விளைச்சல் தருகிறது. அதை விட்டுக்கொடுக்க எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டார்.

இந்தியாவில் நடப்பது இன்னும் சுவாரஸ்யம். 2022 மார்ச் மாதம் வட இந்தியாவில் வரலாறு காணாத வெயில். மணி பால் பிடித்துக்கொண்டிருந்த நேரம். சூம்பிப் போய், மே மாதம் அரசு கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது. இதற்கு ஒரு வழி, பத்து இருபது நாள் முன்னதாக, அக்டோபர் இருபதை ஒட்டி விதைத்துவிடுவது. ஆனால் நம் வசந்தகால ரகங்களை அவ்வளவு முன்னால் போட்டால், இருக்கிற சூட்டில் அவசரப்பட்டு, தூர் கட்டாமலேயே கதிர் விட்டுவிடும். அதனால் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? குளிர் தேவைப்படும் குணத்தை மிதமான அளவில் திரும்பக் கொண்டுவந்தார்கள். எச்டிசிஎஸ்டபிள்யூ 18, எச்டி 3410, எச்டி 3385 ஆகிய ரகங்கள் அந்த வகை. சீக்கிரம் விதைத்தாலும் கொஞ்சம் குளிர் படும் வரை காத்திருக்கும். அதற்குள் தூர் கட்டி உடம்பைத் தேற்றிக்கொள்ளும். பிறகு கதிர் விட்டு, மார்ச் வெயிலுக்கு முன்னால் மணியை நிரப்பிக்கொள்ள அதிக நாள் கிடைக்கும்.

எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளாக நீக்கி நீக்கி வந்த குணம். முழுசாக இருந்தால் உங்கள் பாத்தி மாதிரி ஆகும், துளிகூட இல்லாவிட்டால் அக்டோபர் விதைப்பு வீணாகும். எவ்வளவு வேண்டும் என்பது ஊருக்கு ஊர் வேறு. பயிர்க் கலப்பு படிக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், விளைச்சல் கணக்கைப் போல கதிர் வந்த தேதியையும் அதே கவனத்தோடு குறித்து வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஸாலக்கரை, இன்னொரு வேலையும் செய்யுங்கள். அந்த விவசாயியிடம் ரகத்தின் பெயரைக் கேட்டு இங்கே எழுதுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கப் போகிற விதையை ஒரே கட்டாக வைக்காமல் இரண்டு, நான்கு, ஆறு, எட்டு வாரம் என்று நான்கு கட்டாகப் பிரித்து, எல்லாம் ஒரே நாளில் வெளியே வரும்படி பார்த்து உள்ளே வையுங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் கதிர் வந்த நாளை எழுதுங்கள். எத்தனை வாரக் குளிருக்குப் பிறகு தேதி முன்னால் நகர்வது நிற்கிறதோ, உங்கள் கோதுமைக்கு வேண்டிய குளிர் அவ்வளவுதான்.